மணமக்களும் காலை உணவும்

கலியாண வீடு என்றதும் நம் நினைவில் முதலில் எழுவது எது? நாகசுரம் என்பார் சிலர். வாழை மரமும் மாவிலைத் தோரணமும் என்பார் வேறு சிலர். மனச்சாட்சியோடு விடை சொல்வதானால், நம்மில் பெரும்பாலோருக்கு முதலில் நினைவு வருவது இலையும் அதில் விழும் பண்டங்களுந்தான். விடியற்காலையில் காப்பி, ஏழு மணிக்குச் சிற்றுண்டி, பதினொன்றுக்குப் பந்தி, மாலையில் மீண்டும் பலகாரம் என்று வந்தவர்களை உபசரிப்பதிலேயே கலியாண வீட்டாரின் கவலை முழுவதும் கழிகிறது. "சாப்பிட்டீர்களா?" என்ற கேள்வி அன்று நூறு வாய்களிலிருந்து நூறு பேரை நோக்கிப் பிறக்கிறது.

ஆனால் அக்கேள்வி ஓரிருவரை மட்டும் தீண்டாமலே போய்விடுகிறது. அவர்கள் வேறு யாருமல்லர். எவர் பொருட்டு இவ்வளவு அடுப்புகள் எரிகின்றனவோ அந்த மணமகளும் மணமகனுமே. அவர்களோடு பெண்ணைப் பெற்ற தந்தையையும் தாயையும் சேர்த்துக்கொள்ளலாம். ஊரெல்லாம் உண்டு களிக்கும் நாளில் இந்நால்வரும் பட்டினி கிடக்கின்றனர். இந்தப் பட்டினியைப் பற்றித்தான் இன்று உங்களோடு சற்றுப் பேச விரும்புகிறோம்.

முதலில் மணி கணக்கைப் பார்ப்போம். முகூர்த்தத்திற்கு முதல்நாள் மாலை நிச்சயதார்த்தம், மாப்பிள்ளை அழைப்பு அல்லது வரவேற்பு நடக்கிறது. மணமக்கள் மேடையில் நின்றபடியே வருவோர் அனைவருக்கும் கைகூப்புகிறார்கள். புகைப்படக்காரர் விடுவித்து அவர்கள் இலையில் அமரும்போது இரவு மணி பத்து ஆகிவிடும். களைப்பு மிகுதியால் நாலு கவளத்துக்கு மேல் இறங்காது. பிறகு உறவினரின் பேச்சு, மருதாணி, நகைகளை எடுத்து வைத்தல் என்று நள்ளிரவு கடந்துவிடும். மறுபடியும் விடியற்காலை மூன்று மணிக்கே எண்ணெய் வைத்து நீராட்டு. நாலு மணிக்குத் தலை அலங்காரம். அதன் பின் விரதம், காசி யாத்திரை, மாலை மாற்றல், ஊஞ்சல், கன்னிகாதானம், மாங்கல்யதாரணம், சப்தபதி, ஹோமம், அம்மி மிதித்தல், பெரியோர்களை வணங்குதல் என்று சடங்குகள் தொடர்கின்றன. இவையெல்லாம் முடிந்து இலையில் அமரும்போது நண்பகல் ஆகிறது. முன்னிரவு பத்து முதல் மறுநாள் பன்னிரண்டு வரை பதினான்கு மணி நேரம்! அதிலும் உறக்கம் மூன்று மணி நேரந்தான்.

இது தமிழ்நாட்டுக் கலியாணத்தின் கணக்கு. தில்லியில் வாழும் நமக்கு இக்கணக்கு இன்னும் சற்று நீள்கிறது.

தில்லியில் தமிழர் வாழ்வு புதியதன்று. அரசாங்கச் செயலகம் கோடையில் சிம்லாவுக்கும் குளிர்காலத்தில் தில்லிக்குமாக இடம் மாறிய நாட்களிலேயே நம்மவர் அதனோடு ஏறியும் இறங்கியும் வாழ்ந்தனர். இன்று தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் என வழங்கும் நிறுவனம் 1923 ஆம் ஆண்டில் தோன்றியது. தில்லித் தமிழ்ச் சங்கம் 1946 இல் பிறந்தது. இராமகிருஷ்ணபுரத்துக் குன்றின்மேல் உத்தர சுவாமிமலைக் கோயில் 1973 இல் குடமுழுக்குக் கண்டது. கரோல்பாக்கிலும் லோதி சாலையிலும் தொடங்கிய குடியிருப்பு, இன்று யமுனைக்கு அப்பால் மயூர் விகார் வரை பரவியிருக்கிறது. பேரப் பிள்ளைகளின் கலியாணத்தைக் கூட இங்கேயே நடத்தும் தலைமுறை வந்துவிட்டது. சாஸ்திரிகளும் நாகசுரக்காரரும் சமையற்காரரும் பூக்காரரும் எல்லாரும் இங்கேயே கிடைக்கின்றனர்.

கிடைக்காதது தமிழ்நாட்டின் தட்பவெப்பம் ஒன்றுதான். தை மாதம் நம்மவருக்கு உகந்த கலியாண மாதம். அம்மாதத் தொடக்கத்தில் சென்னையில் கதிரவன் காலை ஆறரை மணி அளவில் உதிக்கிறான். தில்லியிலோ ஏழே கால் ஆகிறது. லக்னங்களும் ஊருக்கு ஊர் மாறுபவை. தை மாதக் காலையில் சென்னைக்குக் குறித்த கும்ப லக்னம் தில்லியில் சற்றுப் பிந்தியே வரும். முகூர்த்தம் பிந்தினால் பட்டினியும் நீள்கிறது. உடலை நடுக்கும் குளிரில், இருட்டில் நீராடி, ஈரத் தலையோடு பட்டுடுத்தி அமர்ந்திருக்கும் பெண்ணுக்கு ஒரு வாய் சூடான பால்கூட இல்லை. வைகாசியில் கலியாணம் வைத்தாலோ நிலைமை மறுபுறம் திரும்புகிறது. மே மாதத்துத் தில்லி வெயில் நாற்பது பாகையைத் தொடுவது வழக்கம். அந்த வெப்பத்தில் ஹோமப் புகைக்கு எதிரே, கனத்த பட்டும் மாலையும் சுமந்து மூன்று மணி நேரம் அமர வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் சென்னையிலிருந்து இரயிலில் வருவாராயின், ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர் பயணக் களைப்பும் அதனோடு சேர்கிறது.

பதினான்கு மணி நேரம் உண்ணாதிருந்தால் உடலில் என்ன நேர்கிறது? இங்கே ஒன்றை நடுநிலையோடு சொல்லிவிட வேண்டும். நல்ல உடல்நலமுள்ள இளைஞரை இந்தப் பட்டினி ஒன்றே வீழ்த்திவிடாது. நம் ஈரலில் ஏறத்தாழ 100 கிராம் அளவுக்குச் சர்க்கரைச் சேமிப்பு உண்டு. உணவு வராத நேரத்தில் ஈரல் அதனைச் சிறிது சிறிதாக இரத்தத்தில் விட்டு மூளைக்கு ஊட்டமளிக்கிறது. அதனாலன்றோ ஏகாதசி விரதம் இருப்போர் நலமாகவே இருக்கின்றனர்! அவ்வாறாயின் மணமேடையில் பெண்கள் மயங்கி விழுவது ஏன்?

பசியோடு வேறு பல காரணங்கள் கைகோத்துக்கொள்வதே அதற்குக் காரணம். உறக்கமின்மை ஒன்று. வெப்பமும் புகையும் ஒன்று. நெடுநேரம் சம்மணமிட்டு அமர்ந்திருந்து திடீரென்று எழும்போது இரத்தம் கால்களிலேயே தங்கித் தலைக்கு ஏறுவது குறைகிறது, இது மற்றொன்று. இவை எல்லாவற்றிலும் பெரியது நீர் அருந்தாமை. மணப்பெண்கள் நீர் அருந்தாமைக்கு வெளியே சொல்லக் கூசும் காரணம் ஒன்று உண்டு. மடிசாரோ கனத்த பட்டோ உடுத்தி அலங்காரம் முடிந்தபின் நீர் கழிக்கச் செல்வது பெரும்பாடு. ஆகவே முதல்நாள் மாலையிலிருந்தே பல பெண்கள் தண்ணீரைத் தவிர்த்துவிடுகின்றனர். உடலில் நீர் குறைய இரத்த அழுத்தமும் குறைகிறது, தலை சுற்றுகிறது. வீட்டுப் பெண்மணிகள் இதைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும்.

இளையவர் நிலை இதுவாயின், முதியவர் நிலை இன்னும் கவலைக்குரியது. நாம் நேரில் கண்ட நிகழ்ச்சி ஒன்றைச் சொல்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் கரோல்பாக்கில் நமக்கு வேண்டிய ஒருவர் இல்லத்துத் திருமணம். தை மாதம். பெண்ணின் தந்தைக்கு வயது ஐம்பத்தெட்டு. பல ஆண்டுகளாக நீரிழிவு நோய். அன்று காலையில் வழக்கம்போல் மாத்திரையை விழுங்கிவிட்டார். ஆனால் கன்னிகாதானம் செய்து கொடுக்கும்வரை பச்சைத் தண்ணீரும் தொடுவதில்லை என்று சங்கற்பம். ஒன்பதரை மணி இருக்கும். மகளைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு சாஸ்திரிகள் சொல்வதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தவரின் நாக்குக் குழறியது. கை நடுங்கியது. அந்தக் குளிரிலும் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக அரும்பியது. பெண்ணைப் பிரியும் துயரம் என்று கூட்டத்தினர் எண்ணினர். கண் கலங்கியவர்களும் உண்டு. அவருடைய தங்கை ஒருவர்தாம், மருத்துவமனையில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர், கூட்டத்தை விலக்கிக்கொண்டு அருகில் வந்தார்.

"அண்ணா, மாத்திரை போட்டுக்கொண்டீர்களா?"

"போட்டுக்கொண்டேன் அம்மா."

"ஏதாவது சாப்பிட்டீர்களா?"

"இன்றைக்கு எப்படி அம்மா சாப்பிடுவது?"

அந்த அம்மையார் வேறொன்றும் பேசவில்லை. ஒரு தம்ளர் நீரில் மூன்று கரண்டி சர்க்கரையைக் கரைத்துக் கொண்டுவரச் செய்தார். அண்ணனோ தயங்கினார், சாஸ்திரிகள் முகத்தைப் பார்த்தார். சாஸ்திரிகள் மந்திரத்தை நிறுத்திவிட்டு, "முதலில் அதைக் குடியுங்கள். முகூர்த்தத்திற்கு இன்னும் நேரம் இருக்கிறது. மருந்தால் விரதம் கெடாது" என்றார். கால் மணி நேரத்தில் வியர்வை நின்றது, குழறல் தெளிந்தது. கன்னிகாதானம் குறைவின்றி நடந்தது. அந்தத் தங்கை அன்று அங்கே இல்லாதிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று நினைக்கவே அச்சமாக இருக்கிறது.

இன்சுலின் போட்டுக்கொள்வோரும், நீரிழிவுக்கான சிலவகை மாத்திரைகளை உண்போரும் மருந்தை எடுத்துக்கொண்டு உணவை விடுவது ஆபத்து. இரத்தத்தில் சர்க்கரை நூறு மில்லிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் நடுக்கம், வியர்வை, படபடப்பு, குழப்பம் ஆகியவை தோன்றும். இன்னும் இறங்கினால் நினைவே தப்பும். நினைவுள்ளவருக்கு உடனே சர்க்கரை நீர் கொடுக்கலாம். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றலாகாது. மருத்துவ உதவிக்கு விரைய வேண்டும். ஆதலால் பெண்ணைப் பெற்றவர்களும் பிள்ளையைப் பெற்றவர்களும் பத்திரிகை அடிக்கும்போதே தங்கள் மருத்துவரைக் கண்டு, "அன்று காலை மருந்தை எப்படி எடுத்துக்கொள்வது?" என்று கேட்டு வைத்துக்கொள்ளுதல் நலம். தாமாகவே மருந்தை விடுவதும் தவறு. தாமாகவே உணவை விடுவதும் தவறு.

"விரதமாயிற்றே, உண்ணலாமோ?" என்று நம் வீட்டுப் பெரியோர்கள் கேட்பர். அவர்கள் கேள்வியை எள்ளி நகையாடுதல் நம் நோக்கமன்று. பசித்திருந்து மனத்தை ஒருமுகப்படுத்துவது நம் நாட்டின் பழைய நெறி. 1965 ஆம் ஆண்டில் உணவுத் தட்டுப்பாடு நேர்ந்தபோது, பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வாரத்தில் ஒருவேளை உணவைத் துறக்குமாறு வேண்டினார். நாடு அதற்குச் செவி சாய்த்ததும் அந்நெறியின் வலிமையால்தான். ஆனால் அந்நெறியை வகுத்தவர்கள் உடலின் எல்லையையும் அறிந்தே வகுத்தார்கள். நீர், கிழங்கு, பழம், பால், ஹவிஸ், அந்தணரின் விருப்பம், குருவின் சொல், மருந்து ஆகிய எட்டும் விரதத்தைக் குலைப்பதில்லை என்பது தரும நூல்களின் துணிபு. சாஸ்திரிகள் அன்று சொன்னது தயவினால் மட்டும் சொன்னதன்று. நூல் அறிந்து சொன்னது.

நம் கலியாணச் சடங்கிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. ஊஞ்சலில் அமர்ந்த மணமக்களுக்குச் சுமங்கலிகள் பாலும் பழமும் கொடுக்கின்றனர். தமிழரில் வேறு பல சமூகத்தாரிடையே தாலி கட்டியதும் பாலும் பழமும் கொடுப்பது வழக்கம். இதனை இன்று நாம் ஒரு காட்சியாக ஆக்கிவிட்டோம். ஒரு கரண்டிப் பாலை உதட்டில் தடவுகிறோம். புகைப்படம் எடுத்தவுடன் கிண்ணத்தை நகர்த்திவிடுகிறோம். ஒரு தம்ளர் பாலும் ஒரு வாழைப்பழமும் உண்மையாகவே உள்ளே சென்றால், ஏறத்தாழ இருநூறு கலோரி ஆற்றலும் வேண்டிய நீரும் உடலுக்குக் கிடைக்கும். இளம் வயதில் மணமுடித்த அந்நாளில், சிறுவர் சிறுமியரின் பசியறிந்து ஊட்டிய பாட்டிமார்களின் கை அந்தக் கிண்ணத்தில் இருப்பதாகவே நமக்குத் தோன்றுகிறது.

பிற சமயத்தாரும் இவ்வாறே சிந்தித்துள்ளனர். கத்தோலிக்கத் திருச்சபையில் நற்கருணை பெறுவோர் முன்னாள் நள்ளிரவு முதல் நீரும் அருந்தலாகாது என்பது முற்கால விதி. 1953 இல் நீர் விரதத்தைக் குலைக்காது என்று போப்பாண்டவர் அறிவித்தார். 1957 இல் விரத நேரம் மூன்று மணியாகவும், 1964 இல் ஒரு மணியாகவும் குறைந்தது. நம் அண்டை வீட்டுப் பஞ்சாபியரைப் பாருங்கள். அவர்கள் திருமணம் இரவில் நடப்பது. கன்னியாதானம் முடியும்வரை பெண்ணின் பெற்றோர் பகலெல்லாம் உண்ணாதிருக்கும் வழக்கம் பல குடும்பங்களில் உண்டு. ஆனால் பாலும் பழமும் தேநீரும் விலக்கில்லை என்று கொள்வோர் அவர்களிலும் உளர். இக்காலத்தில் தமிழ்ப் பெண்ணுக்கும் பஞ்சாபிப் பிள்ளைக்கும் தில்லியில் மணம் நடப்பது அரிதன்று. காலையில் நம் முறைப்படி ஒரு திருமணம். இரவில் அவர்கள் முறைப்படி மற்றொன்று. இரு வீட்டு விரதத்தையும் அந்தப் பெண் ஒருத்தியே சுமக்க நேர்ந்தால் அவள் கதி என்ன? இரு சம்பந்திகளும் முன்னதாகவே கலந்து பேசிக்கொள்ள வேண்டிய செய்தி இது.

சடங்கேயின்றி மாலை மாற்றி மணமுடிப்போருக்கு விரதம் என்ற பேச்சே இல்லை. ஆயினும் பரபரப்பினால் அவர்களும் பட்டினி கிடக்கக் காண்கிறோம். ஆகவே பின்வரும் யோசனைகள் யாவருக்கும் பொதுவானவை.

முதல்நாள் இரவு உணவை எட்டு மணிக்குள், வரவேற்பு தொடங்குவதற்கு முன்போ நடுவிலோ மணமக்களுக்குக் கொடுத்துவிடுங்கள். விருந்துப் பண்டங்கள் வேண்டா. இரசஞ்சாதமும் தயிர்ச்சாதமும் ஒரு கறியும் போதும். படுக்குமுன் ஒரு தம்ளர் பால் கொடுக்கலாம்.

மறுநாள் காலை உணவுக்கு உரிய நேரம் எது என்று கேட்பீர்களானால், புடவை கட்டுவதற்கு முன் என்போம். பட்டுடுத்தி, பூ வைத்து, முக அலங்காரமும் முடித்த பெண் இலையருகே வரமாட்டாள். நீராடிய உடனே, பழைய புடவையோடு இருக்கும்போதே, இரண்டு மூன்று இட்டிலி ஊட்டிவிடுங்கள். தில்லிக் குளிரில் இட்டிலி மாவு பொங்காது அழவைப்பதை நாம் அறிவோம். கம்பளி சுற்றி வைத்தும் பொங்கவில்லையென்றால் இரவை உப்புமாவோ, நெய் மிகாத வெண்பொங்கலோ கொஞ்சம் கொடுக்கலாம். வடை, பூரி, போண்டா போன்ற எண்ணெய்ப் பண்டங்கள் அன்று வேண்டா. அவை வயிற்றில் நெடுநேரம் தங்கிப் புகையருகே குமட்டலை உண்டாக்கும். முன்பின் உண்டறியாத புதுப் பண்டம் எதுவும் ஆகாது. நித்தம் காப்பி குடிப்பவருக்கு அன்று காப்பியை நிறுத்தினால் தலைவலி வரும். ஆதலால் காப்பி உண்டு. ஆனால் காப்பி மட்டுமே உணவாகிவிடக் கூடாது.

விரதத்தில் உறுதியாக இருப்போர் பால், வாழைப்பழம், பேரீச்சம்பழம், ஊறவைத்த பாதாம் பருப்பு ஆகியவற்றைக் கொள்ளலாம். கோடையில் உப்பிட்ட நீர்மோரோ இளநீரோ சாலச் சிறந்தது. தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்காமல், அரை மணிக்கொரு முறை இரண்டு மிடறு அருந்தினால் தொல்லையும் இராது, நாவும் வறளாது.

இவையெல்லாம் நடக்க வேண்டுமானால், பொறுப்பாக ஒருவர் வேண்டும். எல்லாருடைய பொறுப்பும் யாருடைய பொறுப்புமன்று. பெண்ணுக்கு ஓர் அத்தையோ சித்தியோ, பிள்ளைக்கு மாப்பிள்ளைத் தோழனோ, "இவர்கள் உண்டார்களா என்று பார்ப்பது ஒன்றே உன் வேலை" என்று முதல்நாளே நியமித்துவிடுங்கள். ஒருவேளை யாரேனும் மயங்கினால், கூட்டத்தை விலக்கிக் காற்று வரச் செய்து, படுக்க வைத்துக் கால்களைச் சற்று உயர்த்தி, மாலைகளையும் இறுக்கமான நகைகளையும் தளர்த்துங்கள். தெளிந்தபின் நீர் கொடுங்கள். விரைவில் தெளியாவிடில் மருத்துவரை அழையுங்கள்.

இறுதியாக ஒன்று. மாங்கல்யதாரணம் முடிந்ததும் புகைப்படத்திற்கு வரிசை நிற்கிறது. அவ்வரிசை முடியும்வரை மணமக்கள் நிற்கின்றனர். அவர்களை வாழ்த்த வந்தவர்களோ இரண்டாம் பந்தியும் முடித்து வெற்றிலை போடுகின்றனர். புகைப்படம் ஒரு மணி நேரம் பொறுக்கும், பசி பொறுக்காது. முதற்பந்தியிலேயே மணமக்களுக்கும் பெற்றோருக்கும் இலை போடுங்கள்.

தாய்நாட்டை விட்டு இவ்வளவு தொலைவு வந்து, நம் பழக்க வழக்கங்களை வழுவாமல் காப்பாற்றுவதில் நாம் பெருமை கொள்கிறோம். அப்பெருமை நியாயமானதே. ஆனால் வந்தவரை உண்ணச் சொல்வதும் நம் பழக்கந்தானே! அந்த உபசாரம் பந்தலுக்கு வந்தவர்களோடு நின்றுவிடாமல், மணவறையில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளையும் எட்டட்டும். அடுத்த கலியாணத்திற்குச் செல்லும்போது, "பெண் எங்கே?" என்று கேட்பதோடு, "பெண் சாப்பிட்டாளா?" என்றும் ஒருமுறை கேளுங்கள். அவள் அப்பாவையும் கேளுங்கள்.